கேளுங்க, சொல்றேன்: ஸ்பிட்டி கிளம்புறதுக்கு முன்னாடி

போன இதழ்ல இமாச்சலோட ஸ்பிட்டி பள்ளத்தாக்கு பத்தி கால் பக்கத்துக்கு ஒரு சின்ன குறிப்பு போட்டோம், அதுக்கு வந்த கேள்விங்கள பாத்தா பாதிப்பேர் டிக்கெட்டே போட்டுட்டாங்க போல. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்து, எடுத்து வெச்சதுக்கு இந்த வாரம் பதில்.

ஆகஸ்ட்ல இமாச்சல் முழுக்க மழை, நிலச்சரிவுன்னு நியூஸ்ல காட்டுறாங்க. ஆனா ஸ்பிட்டில மழையே பெய்யாது, தைரியமா வாங்கன்னு ட்ராவல் ஏஜென்ட் சொல்றாரு. நம்பலாமா சார்? (வாசகர், திருப்பூர்)

பாதி நம்பலாம். ஜூன், ஜூலைல மூணாறுல கொட்டித் தீர்க்கும்போது மலைக்கு இந்தப் பக்கம் போடில வெறும் காத்து மட்டும் அடிக்குமே, அதே கதைதான் அங்கயும், என்ன ஒண்ணு, நடுவுல நிக்கிற சுவர் ரொம்பப் பெருசு. பருவமழை மேகம் வடக்க ஏறி வரும்போது தர்மசாலா, மனாலி பக்கமே மொத்தத்தையும் இறக்கி வெச்சிடும், பீர் பஞ்சால் மலைத்தொடரையும் இமயத்தோட மெயின் தொடரையும் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்றது மிச்சம் மீதிதான். அதனாலதான் ஸ்பிட்டிய குளிர் பாலைவனம்னு சொல்றாங்க. வருஷத்துக்கு மொத்தமா 200 மில்லிமீட்டர் கூட தேறாது, அதுலயும் பெரும்பங்கு குளிர்காலத்துல பனியா விழுறதுதான். மரம்னு பாத்தா ஊர்ப் பக்கத்துல, வாய்க்கால் ஓரத்துல நட்டு வளர்த்த வில்லோ, பாப்ளர் மட்டும்தான், மலையெல்லாம் மொட்டையா, பழுப்பு, ஊதா, சாம்பல்னு கலர் கலரா நிக்கும்.

சரி, ஏஜென்ட் சொல்லாம விட்ட மீதி பாதி என்னன்னா, ஸ்பிட்டில மழை இல்லாம இருக்கலாம், ஸ்பிட்டிக்குப் போற ரோட்டுல இருக்கு. நீங்க ஒண்ணு மனாலி வழியா போகணும், இல்ல சிம்லா, ராம்பூர், கின்னௌர் வழியா போகணும், ரெண்டுமே மழை பெய்யிற ஏரியாவ கடந்துதான் வரும். ரோடு அடைச்சுக்கிச்சுன்னா நீங்க உள்ள வெயில்ல உக்காந்துக்கிட்டு வெளிய வரமுடியாம இருப்பீங்க. இன்னொண்ணு, அபூர்வமா அந்தப் பக்கமும் மேகம் தாண்டிடும். 2023 ஜூலைல அப்படித்தான், இமாச்சலே வெள்ளத்துல தத்தளிச்ச அதே நாட்கள்ல மேல சந்திரதால் ஏரிப்பக்கம் பனி கொட்டி கிட்டத்தட்ட 300 டூரிஸ்ட்டுங்க மாட்டிக்கிட்டு, ரோட்டுல கிடந்த பனிய வெட்டி வழி பண்ணித்தான் அவங்கள வெளிய கொண்டுவந்தாங்க. அங்க வீடெல்லாம் மண் செங்கல், தட்டையான மண் கூரை, பனி விழுந்தா தள்ளி விட்டுடலாம், நாள் முழுக்க மழை நின்னு பெஞ்சா கூரை ஒழுகும், ஏன்னா அந்த வீடு மழைய நினைச்சு கட்டினதே இல்ல.

என்னைக் கேட்டா ஜூன் ரெண்டாவது பாதி, இல்லன்னா செப்டம்பர். செப்டம்பர்தான் பெஸ்ட், வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், கூட்டமும் குறைஞ்சிருக்கும், ராத்திரி மட்டும் நல்லா குளிரும்.

மழையே இல்லன்னா அந்த ஆத்துல அவ்ளோ தண்ணி எப்படி? அப்புறம் ரோட்டுல குறுக்க ஓடுற நாலாவ (மலை ஓடைய) காலைலயே தாண்டிடணும்னு பைக் ஓட்டுற பசங்க சொல்றாங்களே, ஏன்? (கல்லூரி மாணவர், சேலம்)

ரெண்டு கேள்விக்கும் பதில் ஒண்ணுதான் தம்பி, பனி. ஸ்பிட்டி ஆறு குன்சும் மலைத்தொடர்ல பொறந்து தென்கிழக்கா ஓடுது, வழியில பின் ஆறு வந்து சேருது, கடைசியா கின்னௌர்ல காப்ங்கிற இடத்துல சட்லஜ்ல கலக்குது. இதுக்கெல்லாம் தண்ணி மேல இருக்கிற பனியும் பனிப்பாறையும் உருகுறதுதான். வெயில் ஏற ஏற உருகும், மேல உருகின தண்ணி கீழ ரோட்டுக்கு வந்து சேர மத்தியானம் ஆயிடும். அதனால காலைல 7 மணிக்கு கணுக்கால் அளவுல சலசலன்னு ஓடுற அதே நாலா, மூணு மணிக்கு முட்டி வரைக்கும், கல்ல உருட்டிக்கிட்டு கலங்கலா வரும், அடில கல்லு எங்க இருக்குன்னு கண்ணுக்கே தெரியாது. நல்ல வெயில் அடிக்கிற நாள்தான் ஆபத்து, மேகமூட்டமா இருந்தா குறைவா வரும், இது நம்ம ஊர் பழக்கத்துக்கு தலைகீழ். மனாலி ரோட்டுல வர்ற சத்ரு, பாதல்ங்கிற ரெண்டு இடத்துக்கும் நடுவுல இந்த மாதிரி நாலா நிறைய வரும், பைக்ல போறவங்க அந்தப் பகுதிய மதியத்துக்கு முன்னாடி முடிச்சிடுற மாதிரி கிளம்புங்க. மாட்டிக்கிட்டா எந்த ஹீரோயிசமும் வேணாம், ஒரு லாரியோ பஸ்ஸோ வர்ற வரைக்கும் நின்னு அவன் எந்த தடத்துல போறான்னு பாத்து போங்க.

ஊர்க்காரங்க வாழ்க்கையே இந்த உருகுற தண்ணியோட கணக்குலதான் ஓடுது. மேல பனி உருகுற இடத்துலருந்து மலைச்சரிவ ஒட்டியே கிலோமீட்டர் கணக்குல ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி கொண்டு வருவாங்க, கூல்னு பேரு. ராத்திரி வர்ற தண்ணிய ஊருக்கு மேல ஒரு குளத்துல நிறுத்தி, காலைல மடைய திறந்து முறை வெச்சு வயலுக்கு விடுவாங்க, யார் வயலுக்கு எப்போ எவ்வளவுன்னு ஊருக்குள்ளயே கட்டுப்பாடு உண்டு. அதுல விளையுறதுதான் பார்லியும் பச்சைப் பட்டாணியும். கீழ சமவெளில பட்டாணி சீசன் முடிஞ்ச பிறகு இங்க அறுவடை வர்றதால அதுக்கு நல்ல விலை. குளிர்காலத்துல பனி சரியா விழலன்னா அடுத்த கோடைல இந்த வாய்க்கால் காயும், பட்டாணி போச்சு.

காப்ல ரெண்டு ஆறும் சேர்ற இடத்த பாலத்துல நின்னு பாருங்க, ரெண்டும் ரெண்டு கலர்ல வரும். சட்லஜ் திபெத்துல கைலாஷ், மானசரோவர் பக்கத்துலருந்து வர்ற ஆறு. இன்னொரு விசித்திரமும் உண்டு, பாரேச்சுன்னு ஒரு ஆறு இந்தியாவுல பொறந்து, திபெத்துக்குள்ள போய் சுத்திட்டு, திரும்ப சும்தோ பக்கத்துல இந்தியாவுக்குள்ள வந்து ஸ்பிட்டில சேரும். 2004ல திபெத் பக்கம் மலை சரிஞ்சு அந்த ஆத்த மறிச்சு ஒரு ஏரியே உருவாயிடுச்சு, அடுத்த வருஷம் ஜூன் 26ஆம் தேதி அது உடைஞ்சு வந்த வெள்ளத்துல சட்லஜ் ஓரம் பாலம், ரோடெல்லாம் அடிச்சிட்டு போச்சு. ஏரி இருக்கிறது சேட்டிலைட் படத்துல முன்னாடியே தெரிஞ்சதால கரையோர மக்கள மேல ஏத்திட்டாங்க, அதனால உயிர்கள் தப்பிச்சுது.

4 நாள் லீவு இருக்கு. சண்டிகர் ஃப்ளைட், அங்கருந்து ராத்திரி வண்டில மனாலி, மறுநாள் சந்திரதால் கேம்ப், அதுக்கடுத்த நாள் காசா, அப்படியே திரும்பிடலாம்னு பிளான். ஓகேவா? (ஐடி ஊழியர், சென்னை)

ஓகே இல்ல. இந்த வார தபால்ல பெரும்பாலான பிளான் இதே மாதிரிதான் இருக்கு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க.

நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். மனாலி 2,050. சந்திரதால் 4,250க்கும் மேல. அதாவது ராத்திரி பூரா பஸ்ல தூங்காம வந்து, ஒரே நாள்ல 2,200 மீட்டர் ஏறி, அங்கயே கூடாரத்துல படுக்கப்போறீங்க. காத்துல ஆக்சிஜன் பங்கு எங்க போனாலும் 21 சதவீதம்தான், ஆனா மேல போகப்போக காத்தழுத்தமே குறைஞ்சிடும், ஸ்பிட்டியோட முக்கிய ஊரான காசா உயரத்துல, கடல் மட்டத்துல கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்குகூட கிடைக்காது. உடம்பு அதுக்குப் பழகும், ஆனா நாள் எடுக்கும். 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா, ராத்திரி தூங்குற உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டக்கூடாதுங்கிறதுதான் மலை மருத்துவத்துல சொல்ற விதி, பகல்ல இன்னும் மேல ஏறிட்டு கீழ வந்து தூங்கினா பரவால்ல. ஜிம் போற உடம்பு, மாரத்தான் ஓடுற உடம்புன்னு இதுல எந்த சலுகையும் கிடையாது, சொல்லப்போனா ஃபிட்டா இருக்கறவங்கதான் வேகமா ஏறி படுத்துடறாங்க.

அதனால ரூட்ட திருப்பிப் போடுங்க. சிம்லா வழியா நுழைங்க, மனாலி வழியா வெளிய வாங்க. சிம்லா 2,200, அடுத்து ரெகாங் பியோவ தாண்டி கல்பா 2,900 சொச்சம், நாக்கோ 3,600 சொச்சம், அப்புறம் தாபோ 3,280, அதுக்கப்புறம்தான் காசா. கல்பாவுலருந்து நாக்கோ மட்டும் கொஞ்சம் எகிறும், அதனால நாக்கோவுல இறங்கி ஏரிய பாத்துட்டு தாபோவுல போய் தூங்குங்க, அப்போ படிப்படியா ஆயிடும். காசாவுல ரெண்டு ராத்திரியாவது தங்கி, அங்கருந்து பகல்ல கீ, கிப்பர், லாங்ஸா, கோமிக்னு மேல போய் போய் இறங்கி வரலாம். சந்திரதால் கடைசியில, உடம்பு பழகினதுக்கு அப்புறம். சிம்லாவுலருந்து காசா 400 கிமீக்கு மேல, மனாலிலருந்து 200 கிமீதான், அதான் எல்லாரும் மனாலிய புடிக்கிறாங்க. 200 கிமீ தானேன்னு கூகுள் மேப்ப பாத்து நினைக்காதீங்க, கிராம்ஃபூ தாண்டினா பாதி இடத்துல ரோடுன்னு சொல்ற மாதிரியே இருக்காது, நாள் பூரா ஆகும். 2020 அக்டோபர்ல 9 கிமீ நீள அடல் டனல் திறந்ததுலருந்து ரோதாங் கணவாய் ஏறுற வேலை மிச்சம், ஆனா அதுக்கப்புறம் ஸ்பிட்டிக்குள்ள நுழைய தாண்ட வேண்டிய குன்சும் கணவாய்க்கு அது எதுவும் பண்ணல, 4,550 மீட்டர் அங்கயேதான் இருக்கு.

இதுல ஒண்ண பலபேர் யோசிக்கிறதே இல்ல. காசாவுல ஒருத்தருக்கு மூச்சுத் திணறி கீழ இறக்கணும்னா, பக்கம்னு நினைச்சு மனாலி பக்கம் வண்டிய விட்டீங்கன்னா அது இறங்குறதே இல்ல, குன்சும் தாண்ட மேல இன்னும் 800 மீட்டருக்கு மேல ஏத்துறீங்க. தாபோ பக்கம்தான் இறக்கம். ஆனா சந்திரதால்ல படுத்துட்டா எதிர்ப்பக்கம், பாதல், சத்ருன்னு மனாலி வழிதான் இறக்கம். டிரைவருக்குத் தெரியும், கூட வர்ற உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

இதுக்கு குறைஞ்சது 8, 9 நாள் வேணும். 4 நாள்தான் இருக்குன்னா கல்பா, சாங்லா போய் ஆப்பிள் தோட்டத்துல உக்காந்துட்டு வாங்க, அது ஒண்ணும் குறைவில்ல.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கிட்டா போதும்னு சொல்றாங்களே? (வாசகி, மதுரை)

அது உடம்பு பழகுறத கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்ளோதான், பழகுறதுக்கு பதிலா இல்ல. சல்ஃபா மருந்து அலர்ஜி, கிட்னி பிரச்சினை இருக்கறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம தொடவே கூடாது, யாரா இருந்தாலும் எவ்வளவு, எப்போன்னு டாக்டர கேட்டுட்டுதான். போட்டா விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுங்கும், அடிக்கடி பாத்ரூம் போகணும், பயப்பட வேணாம். தலைவலி, வாந்தி, தூக்கம் வராம இருக்கிறது இதெல்லாம் முதல் எச்சரிக்கை, அன்னிக்கு மேல ஏறாம நின்னுடுங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல் விடல, இல்ல நேர்க்கோட்டுல நடக்க முடியாம தள்ளாடுறாங்க, பேச்சு குழறுதுன்னா அது நுரையீரல்லயோ மூளையிலயோ நீர் கோத்துக்கிட்டதுக்கான அறிகுறி. காலைல பாத்துக்கலாம்னு விடக்கூடாது, ராத்திரி 2 மணியா இருந்தாலும் இறக்கணும், காசாவுல அரசு ஆஸ்பத்திரி இருக்கு. முதல் ரெண்டு மூணு நாள் சரக்கு வேணாம், இத சொன்னா கேக்க மாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்லி வெக்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயசு, பிபி மாத்திரை சாப்பிடறாங்க. புத்த கோம்பா (மடாலயம்) எல்லாம் பாக்கணும்னு ரொம்ப ஆசை. கூட்டிட்டு போகலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

கன்ட்ரோல்ல இருக்கிற பிபின்னா, டாக்டர் ஓகே சொன்னா, நிதானமா போனா முடியும். ஹார்ட், நுரையீரல் பிரச்சினை இருந்தா வேணாம். அம்மாவுக்காக ஒரு சின்ன மாத்தம், தாபோவுலயே மூணு நாள் தங்கிடுங்க. காசாவ விட உயரம் குறைவு, குளிரும் குறைவு, ஊரும் தட்டையா இருக்கும், கோம்பாவுக்கு படி ஏறவே வேணாம். அம்மா பாக்கணும்னு நினைக்கிறது அங்கதான் இருக்கு.

கி.பி. 996ல கட்டினது, நம்ம தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு கொஞ்சம் மூத்தது. வெளிய பாத்தா ஏமாந்துடுவீங்க, சாதாரண மண் சுவர், குட்டையா, ஜன்னல்கூட இல்லாம மொட்டையா நிக்கும். உள்ள போனா முதல்ல ஒண்ணுமே தெரியாது, மேல ஒரு சின்ன திறப்பு வழியா வர்ற வெளிச்சம் மட்டும்தான். கண்ணு பழகப் பழக சுவர்லருந்து ஒவ்வொண்ணா வெளிய வரும், ஆளுயரத்துக்குக் கிட்ட களிமண் சிலைங்க சுவத்துலயே பதிச்சு வரிசையா உக்காந்திருக்கும், அதுக்கு கீழயும் மேலயும் பூரா ஓவியம். ஆயிரம் வருஷம் அந்தக் கலர் நின்னதுக்குக் காரணம் அந்த வறண்ட காத்துதான், மழை ஊர்ல கட்டியிருந்தா எப்பவோ பூசணம் புடிச்சிருக்கும். 1975 ஜனவரி நிலநடுக்கத்துல அடி வாங்கியும் மிஞ்சியிருக்கு, இப்போ தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. உள்ள போட்டோ எடுக்கக் கூடாது, நல்லதுதான், ஒரு டார்ச் மட்டும் கொண்டு போங்க.

கீ கோம்பா போட்டோவுல சூப்பரா இருக்கும், குன்று மேல வீடு மேல வீடா அடுக்கி வெச்ச மாதிரி. வண்டி கிட்டத்தட்ட வாசல் வரைக்கும் போகும், உள்ள படிதான், அம்மா மெதுவா ஏறட்டும், முடியலன்னா கீழ நின்னு பாத்தாலே அதோட அழகு பாதிக்கு மேல கிடைச்சிடும். ஸ்பிட்டியோட பழைய தலைநகரம் தன்கர், அங்க கோம்பா ஒரு மண் பாறை விளிம்புல தொங்கிட்டு நிக்குது, கீழ பின் ஆறும் ஸ்பிட்டியும் சேர்றது தெரியும். அரிச்சு அரிச்சு அந்தப் பாறையே கரைஞ்சிட்டிருக்கு, பாக்கறவங்க சீக்கிரம் பாத்துடுங்க.

கியூ கிராமத்துல மம்மி இருக்குன்னு யூட்யூப்ல பாத்தேன், நிஜமா? (பள்ளி மாணவி, நாகர்கோவில்)

நிஜம்தான் பாப்பா. ஒரு புத்த துறவி, உக்காந்த நிலைல, 500 வருஷத்துக்கு மேல ஆனது. எகிப்து மாதிரி மருந்து பூசி துணி சுத்தினதெல்லாம் இல்ல, குளிரும் வறட்சியும் சேர்ந்து தானா காஞ்சு நின்னுடுச்சு. தலையில முடி இன்னும் தெரியும். நகமும் முடியும் இப்பவும் வளருதுன்னு வீடியோவுல சொல்றது ரீல்.

சந்திரதால் கரையிலயே டென்ட் போடலாமா? (வாசகர், ஈரோடு)

கூடாது. 2005லருந்து அது ராம்சர் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதுன்னு பட்டியல்ல சேர்த்த நீர்நிலை. கேம்பெல்லாம் ஏரிலருந்து ரெண்டு மூணு கிமீ தள்ளித்தான், அங்கருந்து வண்டில பார்க்கிங் வரைக்கும் போய் மிச்சத்த நடக்கணும். ஏரிக்குள்ள இறங்கி குளிக்கிறது, சோப்பு போடுறது எதுவும் வேணாம்.

ஒரு சின்ன புவியியல் மட்டும் சொல்றேன், சந்திரதால் ஸ்பிட்டி ஆத்தோட சம்பந்தப்பட்டதே இல்ல. அது குன்சுமுக்கு அந்தப் பக்கம், லாஹௌல் பக்கம். அதோட தண்ணி சந்திரா ஆத்துக்குப் போய், தாண்டிங்கிற ஊர்ல பாகா ஆத்தோட சேர்ந்து, கடைசில செனாப் ஆகுது. அதாவது குன்சும் உச்சியில நிக்கும்போது ஒரு காலடிப் பக்கம் உருகுற பனி சட்லஜுக்கும் இன்னொரு பக்கம் உருகுறது செனாபுக்கும் போகுது. அங்க ஒரு அம்மன் கோயில் இருக்கு, டிரைவருங்க எல்லாம் வண்டியோட சுத்தி வந்துட்டுதான் கிளம்புவாங்க, அவசரப்படுத்தாதீங்க.

லாங்ஸாவுல சாளக்கிராமம் கிடைக்குமாமே, வீட்டுக்கு ஒண்ணு எடுத்துட்டு வரலாமா? (வாசகி, கும்பகோணம்)

நம்ம பூஜைல வெக்கிற சாளக்கிராமம் நேபாளத்துல கண்டகி ஆத்துலருந்து வர்றது. லாங்ஸாவுல கிடைக்கிறதும் அதே வகைதான், அம்மோனைட்டுங்கிற கடல் பிராணியோட கல்லான ஓடு, சுமார் 15 கோடி வருஷப் பழசு. இமயமலை எழும்புறதுக்கு முன்னாடி இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவுல டெதிஸ்னு ஒரு கடல் இருந்துச்சு, இந்தியத் தட்டு போய் மோதி அந்தக் கடலடி மண்ண அப்படியே மடிச்சு மேல தூக்கிடுச்சு. 4,400 மீட்டர்ல கடல் பிராணி கிடக்கிறது அதனாலதான். கருப்பு களிப்பாறை உருண்டைய உடைச்சா உள்ள சுருள் சுருளா, வரி வரியா தெரியும்.

எடுக்காதீங்கம்மா. சின்னப் பசங்க கைல வெச்சு விப்பாங்க, வாங்கவும் வேணாம், வாங்க வாங்க தோண்டிட்டே இருப்பாங்க. கைல புடிச்சு ஒரு போட்டோ, அதோட விட்டுடுங்க. பெரிய புத்தர் சிலைக்கு கீழ உக்காந்து சௌ சௌ காங் நில்தா சிகரத்த பாருங்க, 6,303 மீட்டர், அத யாரும் தூக்கிட்டு வரமுடியாது.

நாங்க சுத்த சைவம், அப்புறம் பாத்ரூம் வசதி எப்படி? (பெயர் வேண்டாம் என்ற வாசகி, திருச்சி)

சாப்பாட்டுக்கு கவலையே வேணாம், பருப்பு, சாதம், ராஜ்மா, ரொட்டி எங்கயும் கிடைக்கும், காய் போட்ட துக்பா (நூடுல்ஸ் சூப்), மோமோ கேட்டா செஞ்சு தருவாங்க. துக்பா சூப் கறில செஞ்சதான்னு மட்டும் கேட்டுக்குங்க. உப்பு போட்ட வெண்ணெய் டீ குடுப்பாங்க, டீன்னு நினைச்சு குடிச்சா ஒரு மாதிரி இருக்கும், சூப்னு நினைச்சுக்கிட்டா இறங்கிடும். அந்த உயரத்துல தண்ணி 88 டிகிரிலயே கொதிச்சிடும், குக்கர் இல்லாம அரிசி வேகாது, அதனால சின்ன தாபாவுல சாதம் லேட்டானா கத்தாதீங்க.

பாத்ரூம்... காசா ஹோட்டல்ல நம்ம ஊர் மாதிரிதான் இருக்கும். கிராமத்து ஹோம்ஸ்டேல பல இடத்துல உலர் கழிப்பறை. மாடில ஒரு சின்ன ரூம், தரைல நீள்சதுரமா ஒரு ஓட்டை, மூலைல மண்ணு குவிஞ்சிருக்கும், பக்கத்துல ஒரு மம்பட்டி. போனதும் ரெண்டு மம்பட்டி மண்ணு தள்ளி விடணும், தண்ணி ஊத்தக் கூடாது, அதான் முக்கியம். குளிரும் வறட்சியும் இருக்கிறதால நாத்தம் ரொம்ப கம்மி, அத வருஷம் கழிச்சு கீழ் அறையிலருந்து எடுத்து பட்டாணி வயலுக்கு எருவா போடுவாங்க. குளிர்ல பைப்பே உறைஞ்சு வெடிக்கிற ஊருக்கு இதவிட புத்திசாலித்தனமான ஏற்பாடு கிடையாதுன்னு நான் சொல்வேன், இப்போ டூரிஸ்ட்டுக்காக ஃப்ளஷ் டாய்லெட் கட்டிக் கட்டி, வயலுக்குப் போக வேண்டிய தண்ணி அதுல போயிட்டிருக்கு. கழுவிக்க ஒரு மக் தண்ணி தனியா கேட்டா தருவாங்க, ஓட்டைக்குள்ள போகாம பாத்துக்குங்க. தினமும் தலைக்கு குளிக்கிற பழக்கத்த ஒரு வாரம் ஒத்தி வெச்சா ஒண்ணும் ஆயிடாது.

குளிர்காலத்துல போய் பனிச்சிறுத்தை பாக்கணும்னு ஆசை. சான்ஸ் இருக்கா? (வாசகர், புதுச்சேரி)

இருக்கு, ஆனா செலவும் பொறுமையும் வேணும். பிப்ரவரி, மார்ச்ல மேல தீவனம் கிடைக்காம நீல ஆடுங்க கீழ இறங்கும், அதுங்க பின்னாடியே சிறுத்தையும் கிப்பர், சிச்சம் பக்கம் வரும். கிராமத்துப் பசங்கதான் டிராக்கருங்க, எதிர் மலைல ஒரு கல்லு அசையுறத வெறும் கண்ணுல புடிச்சிடுவாங்க, நீங்க டெலஸ்கோப்ல வெச்சும் அரை மணி நேரம் தேடுவீங்க. முன்னாடி ஆட்ட புடிச்ச சிறுத்தைய விரட்டின அதே ஊர், மேய்ச்சல் நிலத்துல ஒரு பகுதிய காட்டு ஆடுங்களுக்காக விட்டுக் குடுத்து, போன கால்நடைக்கு இன்ஷூரன்ஸ் மாதிரி ஏற்பாடும் பண்ணிக்கிட்டு, இப்போ அதே சிறுத்தைய காட்டி சம்பாதிக்குது. குளிர் மைனஸ் 25, சில நாள் அதுக்கும் கீழ. குன்சும் மூடியிருக்கும், கின்னௌர் வழி மட்டும்தான், அதுவும் பனி விழுந்தா நாக்கோ பக்கத்துல மல்லிங் நாலாவுல நின்னுடும். திரும்பி வர்ற தேதிய கல்லுல எழுதி வெச்சவங்க குளிர்காலத்துல போகாதீங்க.

பர்மிட், ஏடிஎம், சிக்னல், பெட்ரோல்? (பலர்)

இந்தியர்களுக்கு பர்மிட் வேணாம், ஐடி கார்டு போதும், சும்தோ செக்போஸ்ட்ல கேப்பாங்க. வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கிற சொந்தக்காரங்க கூட வந்தா அவங்களுக்கு இன்னர் லைன் பர்மிட் வேணும், ரெகாங் பியோவுலயோ காசாவுலயோ வாங்கலாம். காசாவுல ஏடிஎம் இருக்கு, அதுல பணம் இருக்கிறது வேற விஷயம், கைல கேஷ் வெச்சுக்குங்க. சிக்னல் காசாவுல உண்டு, வெளிய போனா போயிடும், வீட்டுல முன்னாடியே சொல்லிட்டுப் போங்க. பெட்ரோல் காசாவுல மட்டும்தான், அத விட்டா ஒரு பக்கம் ரெகாங் பியோ, இன்னொரு பக்கம் லாஹௌல்ல இருக்கிற தாண்டிங்கிற ஊர், இல்லன்னா மனாலி. பார்த்த பங்க்ல ஃபுல் பண்ணிட்டே போங்க. சொந்த வண்டி இல்லாதவங்களுக்கு அரசு பஸ்ஸே இருக்கு, ரெகாங் பியோலருந்து காலைல காசாவுக்கு கிளம்பும், இடது வலதுன்னு ஜன்னல் சீட்டுக்கு சண்டை வேணாம், பள்ளம் ரெண்டு பக்கமும் மாறி மாறி வரும்.

ஹிக்கிம் போஸ்ட் ஆபீஸ்லருந்து லெட்டர் போட்டா நிஜமாவே வந்து சேருமா? (தபால்தலை சேகரிக்கும் வாசகர், திண்டுக்கல்)

சேரும் சார். 4,400 மீட்டர்ல, 1983லருந்து இருக்கு. தபால காசாவுக்கு இறக்கி அங்கருந்து பஸ்ல அனுப்புறாங்க, அதனால ரெண்டு வாரமும் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம். கூட்ட நேரத்துல டூரிஸ்ட்டுங்க அட்டைய வாங்கி குவிச்சிடறாங்க, போஸ்ட்மாஸ்டர் ஒத்த ஆளா முத்திரை குத்திட்டிருப்பார், முத்திரை தெளிவா வேணும்னா காலைலயே போய் பொறுமையா கேளுங்க. உங்கள மாதிரி சேகரிக்கிறவங்க ஸ்டாம்ப கீழயே வாங்கி ஒட்டி கொண்டு போறது நல்லது. மை பேனா வேணாம், பால்பாயின்ட்ல எழுதுங்க, அட்ரஸ்ல பின்கோடு கண்டிப்பா, மாநிலம் பேர இங்கிலீஷ்லயோ இந்திலயோ ஒரு தடவை சேர்த்து எழுதிடுங்க, அங்க தமிழ் படிக்க ஆள் கிடையாது.